கரடி மணிக்கு முன்னால் கேட்ட பூ

கரடியைப் பார்த்துப் பயந்து ஓடியவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். கரடியே வராமல், மணிச்சத்தத்துக்கு ஓடியவன் என்ற பெருமை எனக்கு மட்டும்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்போது எனக்குப் பத்து வயது. ஓடிய இடம் ஜப்பான்.

கோயம்புத்தூரில் நூற்பாலை இயந்திரங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் அப்பா ஃபோர்மேன். புது இயந்திரங்களைப் பழகிக்கொண்டு வரச்சொல்லி அவரை ஒரு வருடம் நகோயாவுக்கு அனுப்பினார்கள். அம்மாவும் நானும் கூடவே போனோம். வருடம் முடியும் தறுவாயில் அங்கிருந்த தொழிற்சாலைக்காரர்கள், இன்னும் ஐந்து வருடம் இருக்க முடியுமா என்று அப்பாவைக் கேட்டுவிட்டார்கள். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

அப்பாவுக்கோ ஊருக்குத் திரும்பி, வேலையை விட்டுவிட்டு, எங்கள் வீடு இருந்த கணபதிப் பகுதியில் சொந்தமாக ஒரு லேத் பட்டறை போட வேண்டும் என்று ஆசை. தினமும் சாப்பிட்டு முடித்ததும் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் லேத் இங்கே, டிரில்லிங் மெஷின் அங்கே என்று கட்டம் கட்டமாக வரைவார். அம்மா அதைப் பார்க்காத மாதிரி பாத்திரம் கழுவுவாள்.

"மாசமானாச் சம்பளம் வர்ற வேலைய உட்டுப்போட்டு, பட்டறை போட்டு ஓடலீன்னா என்னுங்க பண்றது?"

"ஓடும் அம்மணி."

"ஓடலீன்னா?"

இதற்கு மேல் அந்தப் பேச்சு ஒருநாளும் நகர்ந்ததில்லை. நான் மூன்றாவது கட்சி. தெருமுனையில் காசு போட்டால் சூடாகக் கோகோ கொடுக்கும் இயந்திரம் இருக்கிற ஊரை விட்டுப் போவதில் எனக்குச் சம்மதமில்லை. என்னை யாரும் கேட்கவுமில்லை.

கடைசியில் அம்மாதான் சொன்னாள், பூ கேட்டுவிடலாம் என்று. அம்மாவுக்கு வெள்ளகோவில் பக்கம். பெண் கொடுப்பதானாலும் கிணறு வெட்டுவதானாலும் அங்கே சாமியிடம் பூ கேட்காமல் நடக்காது. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்க வேண்டும். மனதில் கள்ளம் இல்லாத ஒரு குழந்தை ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சாமி சரி சொல்லிவிட்டது, பட்டறை. சிவப்பு வந்தால் வேண்டாம், நகோயா. கள்ளம் இல்லாத குழந்தைக்கு அவ்வளவு தூரத்தில் எங்கே போவது? கைக்குக் கிடைத்தது நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை, அப்பாவின் மேலதிகாரி சொன்ன இடத்துக்குப் போனோம். மகோமே என்ற ஊரிலிருந்து சுமகோ என்ற ஊர்வரை மலைமேல் எட்டு கிலோமீட்டர் பழைய நெடுஞ்சாலை. நடந்துதான் போக வேண்டும். அந்தக் காலத்தில் பிரபுக்களும் தபால்காரர்களும் குதிரைகளும் போன வழியாம். குதிரை மாற்ற, ராத்தங்க, வழி நெடுக ஊர்கள். தண்ணீரில் சுழலும் மரச்சக்கரத்தையும் கருத்துப்போன மரவீடுகளையும் பார்த்துக்கொண்டே வந்த அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

"நம்ம ஊர் வண்டிப்பேட்டையாட்டத்தானுங்க. மாட்டுக்குப் பதிலா குதிர."

புளிசாதம் இருந்த தூக்குப்போசி என் கையில். கல் பாவிய ஏற்றம் முடிந்து காட்டுக்குள் நுழைந்ததும், ஒரு மரத்தூணில் பித்தளை மணி தொங்குவதை அம்மா பார்த்தாள். மேலே குட்டியாக ஒரு கூரை. பக்கத்துப் பலகையில் ஜப்பானிய எழுத்து. அப்பாவுக்குத் தெரிந்த ஜப்பானிய மொழி இயந்திரங்கள்மேல் எழுதியிருக்கும் மொழி. எண்ணெய், அழுத்தம், ஆபத்து இவை மட்டும் நன்றாகப் புரியும். பலகையை உற்றுப் பார்த்துவிட்டு, "சாமி பேரா இருக்கும்" என்றார். மணி இருந்தால் சாமி இல்லாமல் இருக்குமா? மூவரும் செருப்பைக் கழற்றினோம். அம்மா தூணுக்குக் குங்குமம் வைத்தாள். அப்பா பயபக்தியோடு மணியை மூன்று தரம் அடித்தார்.

சிவப்புப் பூ பறிக்கிற வேலை எனக்கு. என் கட்சியின் பூ என்பதால் பார்த்துப் பார்த்துப் பறித்தேன். வெள்ளைப் பூவை அம்மா பறித்தாள். அந்தப் பக்கமாகத் திரும்பி நின்று செய்தித்தாளில் இரண்டு பொட்டலம் மடித்து, தூக்குப்போசி மூடியில் போட்டுக் குலுக்கி நீட்டினாள்.

"கும்புட்டுப்போட்டு ஒண்ணு எடு கண்ணு. உத்துப் பாக்கக் கூடாது."

உற்றுத்தான் பார்த்தேன். எந்தத் தாளிலாவது சிவப்புக் கசிகிறதா, மோந்து பார்த்தால் தெரியுமா என்று நான் இழுத்துக்கொண்டிருக்கும்போது, கைத்தடியோடு ஒரு ஜப்பானிய அம்மையார் ஏற்றத்தில் வந்து சேர்ந்தார். வெறுங்காலோடு கைகூப்பி நிற்கும் எங்களைக் கண்டதும் குனிந்து வணங்கினார். கொஞ்சம் காத்திருந்தார். பிறகு நேராக வந்து, காடே அதிரும்படி மணியை அடித்து, எங்களைப் பார்த்து ஏதோ சொன்னார்.

"ஆபத்துங்கறாங்க" என்றார் அப்பா.

"என்ன ஆபத்துங்க?" என்றாள் அம்மா.

அந்த அம்மையார் காட்டைக் காட்டினார். இரண்டு கைகளையும் தூக்கி விரல்களை நகமாக மடக்கினார். தொண்டையிலிருந்து ஓர் உறுமல் விட்டார். இதற்கு எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. கைக்கு வந்த பொட்டலத்தோடு ஓடினேன்.

வெறுங்காலோடு, அப்படி ஓர் ஓட்டம். பெற்றவர்களைக் கரடிக்கு விட்டுவிட்டு ஓடுகிறோமே என்று நடுவில் தோன்றத்தான் செய்தது. தோன்றியதும் இன்னும் வேகமாக ஓடினேன். அவர்கள் இரண்டு பேரையும் தின்று முடிக்க அதற்குக் கொஞ்ச நேரமாவது ஆகுமல்லவா.

வழியில் ஒரு பழைய மரவீடு. உள்ளே தரை நடுவில் கணப்பு, அதற்கு மேல் தொங்கும் கெட்டில். நடந்து வருகிறவர்களுக்கெல்லாம் அங்கே ஒரு பெரியவர் சும்மாவே டீ கொடுத்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே விழுந்த வேகத்தைப் பார்த்து அவர் ஒரு கோப்பை டீயை என் முன்னால் வைத்தார்.

கொஞ்ச நேரத்தில் என் செருப்பைத் தூக்கிக்கொண்டு அம்மாவும், விலாவைப் பிடித்துச் சிரித்துக்கொண்டு அப்பாவும் வந்தார்கள். அந்த அம்மையார் வழியெல்லாம் நடித்துக் காட்டி விளக்கியிருக்கிறார்.

"மணிச்சத்தங் கேட்டாக் கரடி ஓடிப்போயிருமாமா. அதுக்குத்தான் மணி. நீ கரடிக்கு முன்னாடியே ஓடிப்போட்டியேடா!" என்றார் அப்பா.

அப்போதுதான் எல்லோரும் என் கையைப் பார்த்தோம். பொட்டலம் கசங்கி உள்ளங்கையோடு ஒட்டியிருந்தது. கரடிக்குப் பயந்து எடுத்தது செல்லாது என்று நான் வாதாடினேன். "கைக்கு வந்தது வந்ததுதான்" என்றாள் அம்மா. அப்பாவின் சிரிப்பு நின்றுபோயிற்று. பொட்டலத்தை வாங்கி மெல்லப் பிரித்தார்.

வெள்ளை.

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கணப்பில் புகை அதிகம்தான் என்று நான் நினைத்தேன். என் கோகோ கைவிட்டுப் போன துக்கத்தில், "அந்த இன்னொன்னப் பிரிச்சுப் பாக்கலாம்மா" என்றேன்.

"சாமி ஒருக்காச் சொன்னதுக்கப்புறம் இன்னொன்னப் பிரிக்கப்படாது" என்று சொல்லி, அம்மா அதை அவசரமாகக் கணப்புக்குள் போட்டுவிட்டாள். தாள் சுருண்டு விரிந்தது. கருகுவதற்கு முன் ஒரு கணம் உள்ளே இருந்ததை நானும் பார்த்தேன், அப்பாவும் பார்த்தார். அதுவும் வெள்ளைதான். அப்பா நிமிர்ந்து அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீ ஆறுதுங்க, குடிங்க" என்றாள் அம்மா.

அந்த ஜூன் மாதம், கணபதியில் அப்பா பட்டறைக்குத் தகரக் கொட்டகை போட்டுக்கொண்டிருந்த நாட்களில், நான் புதுப் பள்ளிக்கூடத்தின் அறிவியல் வகுப்பில் எழுந்து நின்று, சிவப்புப் பூவை நெருப்பில் போட்டால் வெள்ளையாகிவிடும் என்று அறிவித்தேன். வகுப்பே சிரித்தது. நான் அசரவில்லை. என் கையால் பறித்த பூ, என் கண்ணால் பார்த்தது என்று சாதித்தேன்.