கறுப்புக்குத் தடை

பட்டமளிப்பு விழாவில் கறுப்புப் பட்டி கட்டி எதிர்ப்புக் காட்டுவோம் என்று எங்கள் வருட மாணவர்கள் கூடியபோது, எழுந்து நின்று மறுத்தவள் நான். வகுப்புக்கு வரத் தடை போடப்பட்ட சில மாணவர்களுக்காகத்தான் அந்தப் போராட்டம். அவர்களுக்கு நடந்தது அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நுரைச்சோலை வெயிலில் குனிந்து வெங்காயம் பிடுங்கி என்னைப் படிப்பித்த உம்மா, நான் மேடையேறுவதைக் காண வருடக்கணக்காய்க் காத்திருந்தார்.

"மத்த நாளெல்லாம் கத்துங்க, நானும் வாறன். அண்டைக்கு மட்டும் வேணாம்" என்றேன். துரோகி என்று ஒருவன் முணுமுணுத்தான். முணுமுணுக்கட்டும்.

இந்தக் கதை எப்படியோ நிர்வாகத்தின் காதுக்குப் போய்விட்டது. விழாவன்று கறுப்பு உடுத்து வரும் எவரையும் உள்ளே விடக்கூடாது என்று வாசலில் உத்தரவு. அதை எங்களுக்கு முன்கூட்டிச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை.

உம்மா விடியுமுன் பஸ் ஏறி, சிலாபத்தில் ரயில் பிடித்து வந்திருந்தார். பெருநாளுக்குக்கூடப் புதிது தைக்காதவர், இந்த நாளுக்கென்று அபாயா தைத்திருந்தார். கறுப்புத்தான். எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கும் அதுதான், கடைக்கும் அதுதான்.

ஊர்வல வரிசையில் நின்ற எனக்கு வாசல் தெரிந்தது. காவலாளி உம்மாவை மறித்துக்கொண்டு நின்றார். பட்டமளிப்பு அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். அதற்குள் ஓர் அதிகாரி, தேநீர் மேசையில் விரித்திருந்த வெள்ளைத் துணியை உருவிக்கொண்டு வந்திருந்தார்.

"இதப் போர்த்திக்கொண்டு போங்கோ அம்மா. கறுப்பு தெரியக்கூடாது."

துணியில் தேத்தண்ணிக் கறை. உம்மா கை நீட்டவில்லை.

"பரவாயில்ல மகள். நான் இங்கயே நிக்கிறன். நீ போய் வாங்கிட்டு வா."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. முஸ்லிம்களைத் துப்பாக்கி முனையில் மன்னாரை விட்டுப் போகச் சொன்னபோது உடுத்த உடுப்போடு வெளியேறியவர் அவர். அதற்குப் பிறகு அகதி முகாமில் பிறந்தவள் நான். இன்னொரு வாசலிலும் அவர் பரவாயில்லை என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டு நிற்க என்னால் முடியாது.

"சேர், நான் போட்டிருக்கிறது என்ன நிறம்?"

அவர் என் அங்கியைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் இருந்த வரிசையைப் பார்த்தார். தோளிலிருந்து கால்வரை எல்லோரும் கறுப்பு.

"அது வேற. அது விழா உடுப்பு."

"இது எங்கட உம்மாட விழா உடுப்பு."

மேளம் அடிக்கத் தொடங்கியது. வரிசைக்குப் போகச் சொல்லி அதட்டினார். அங்கியைக் கழற்றி மடித்து, அவர் கையிலிருந்த மேசைத்துணியின் மேல் வைத்தேன்.

"உம்மா உள்ளுக்கு வராட்டி எனக்குப் பட்டம் வேணாம்."

நகராமல் நின்றேன். என்னைத் துரோகி என்றவன் வரிசையை விட்டு வந்து என் பக்கத்தில் நின்றான். அவன் பின்னால் இன்னும் சிலர் வந்தார்கள். பிரதம விருந்தினரின் கார் வாசலுக்குத் திரும்புவதைக் கண்டதும் அதிகாரிக்கு வியர்த்துவிட்டது.

"சரி, சரி. கெதியா போங்கோ" என்று அங்கியை என்னிடம் நீட்டினார்.

விழா எந்தக் குழப்பமும் இல்லாமல் நடந்ததாக நிர்வாகத்தினர் பிறகு பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். பச்சைப் பொய். என் பெயரை அழைத்ததும், வண்ணச் சேலைகளுக்கு நடுவில் உம்மா எழுந்து நின்றுவிட்டார். உட்காரச் சொல்லிக் கை காட்டினார்கள். நான் மேடையை விட்டு இறங்கும்வரை அவர் உட்காரவில்லை.