விசிறியில்லாத லேப்டாப்

புது சிஸ்டம் ஏற்ற லேப்டாப்பில் பென்டிரைவைச் சொருகியதும் அதன்மேல் உள்ளங்கையைக் குவித்து வைத்துக்கொள்வாள் மஞ்சுளா. கோழிக்குஞ்சைப் பொத்திப் பிடிக்கிற பிடி அது. நடந்து போகிற யாரும் அதை இடித்துவிடக் கூடாது. இன்னொரு கையால் பவர் பட்டனை அழுத்துவாள். திரை கறுப்பாகவே நிற்கும். "ஏஞ் சாமி, கண்ணத் தொற சாமி" என்பாள், குரலைத் தணித்து. சற்றுப் பொறுத்து வெள்ளை எழுத்துகள் மேலிருந்து கீழாக ஓடத் தொடங்கும். ஓட்டம் எந்த வரியிலாவது நின்றால் அவள் புருவமும் அங்கேயே நிற்கும். மறுபடி ஓடினால் முகம் மலர்ந்துவிடும்.

நாமக்கல்லில் டாக்டர் இளவழகன் நடத்தும் கோழி நோய் ஆய்வகத்தில் வேலை. எருமப்பட்டிப் பக்கத்துப் பண்ணைகள் எல்லாம் மஞ்சுளாவின் பொறுப்பு. காலையில் ஸ்கூட்டரில் கிளம்புவாள். பண்ணை வாசலில் செருப்பை மாற்றி, மருந்துத் தண்ணீரில் காலை நனைத்து, உள்ளே போய்க் கோழியின் இறக்கையை விரித்து ரத்தம் எடுப்பாள். பறவை பதறுவதற்குள் ஊசி வெளியே வந்துவிடும். எடுத்ததை அங்கேயே லேப்டாப்பில் பதிவுசெய்வாள். தீவனத் தூசியும் இறகுத் தூசியும் பனிபோல் மிதக்கிற இடம் அது. அவளுடைய பழைய லேப்டாப் மூச்சடைத்து நின்றபோது, பழுது பார்ப்பவர் அடிமூடியைக் கழற்றிக் காட்டினார். இறகுத் தூசி அப்பி, உள்ளே விசிறியே தெரியவில்லை. "ஒரு தலகாணி தச்சுப்போடலாம் போல இருக்குதுங்களே" என்றாளாம் மஞ்சுளா.

அதனால்தான் விசிறியே இல்லாத ஒன்றைத் தேடி வாங்கினாள். கைப்பேசியில் இருக்கிற ஏ.ஆர்.எம். வகைச் சிப் அதில். சூடாகாது, சத்தம் வராது, ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் நாள் முழுக்கத் தாங்கும். கடைக்காரர் இத்தனையும் சொன்னார். ஆய்வகத்தின் ரத்தப் பரிசோதனை மென்பொருள் அதில் ஏறாது என்பதை மட்டும் சொல்லவில்லை, அவருக்கே தெரிந்திருக்காது. "இந்தக் கணினிக்குப் பொருந்தாது" என்று ஒரு பெட்டி வந்து நின்றது. மஞ்சுளா அந்தப் பெட்டியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அதே வேலையைச் செய்யும் இலவச மென்பொருள் ஒன்று விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸ் சிஸ்டத்தில் இருப்பதாக இணையத்தில் யாரோ எழுதியிருந்தார்கள். அன்று பிடித்தது இந்தப் பைத்தியம்.

லினக்ஸ் ஒன்றுதான். அதைத் தங்கள் ருசிக்குக் கட்டித் தருகிறவர்கள் பல பேர். டெபியன், ஃபெடோரா, ஆர்ச் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். மஞ்சுளா எதிலும் நிலைத்து இருந்ததில்லை. எருமப்பட்டியிலிருந்து கேரளாவுக்கு முட்டை லோடு ஓட்டும் அவள் கணவன் செங்கோடன், வாளையார் தாண்டியதும் போன் போடுவான். சாப்பாட்டைப் பற்றி விசாரித்த கையோடு, "இன்னைக்கு எந்தப் பேர்ல ஓடுது?" என்பான்.

"போன வாரத்தது நல்லாத்தானே ஓடுச்சு அம்மிணி, அதை எதுக்கு மாத்துன?"

"ஓடுச்சுங் மாமா. ஆனா எப்படி ஓடுதுன்னு எனக்குத் தெரியலையே!"

இந்தப் பதிலில் அவள் குணம் முழுக்க இருக்கிறது. மற்ற லேப்டாப்புகளைக் கேட்டால், உள்ளே என்னென்ன சாமான் இருக்கிறதென்று அவையே சொல்லிவிடும். இந்த வகை வாய் திறக்காது. எந்த மூலையில் எது இருக்கிறது என்று வரைபடம்போல ஒரு சின்னக் கோப்பைக் கையில் கொடுத்தால்தான் சிஸ்டம் எழுந்து நடக்கும். வரைபடத்தில் ஒரு வரி பிசகினால் வைஃபை வராது. இன்னொரு வரி பிசகினால் பேட்டரி எப்போதும் பூஜ்யம் என்று காட்டும். ஒருமுறை ஒலி அடியோடு போய்விட்டது. அதற்கு வேண்டிய கோப்புகள் கம்பெனி போட்டுக் கொடுத்த பழைய சிஸ்டத்துக்குள் இருந்தன. அதை அவள் ஏற்கெனவே துடைத்து எறிந்திருந்தாள். அதே மாடல் வைத்திருந்த பிரேசில்காரர் ஒருவர் தன்னிடமிருந்து அனுப்பி வைத்தார். மஞ்சுளா தமிழிலேயே 'நன்றி' என்று எழுதினாள். இது என்ன எழுத்து, இவ்வளவு வட்டமாக இருக்கிறதே என்று கேட்டார் அவர். அன்று முழுக்க அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஒலி திரும்பிய மாலை அவள் முதலில் கேட்டது பாட்டு இல்லை. செங்கோடன் போனில் அனுப்பியிருந்த லாரி ஹாரன் சத்தம்.

போன ஐப்பசியில் ஒரு மழை வாரம். பண்ணைக்காரர்களைக் கூட்டி டாக்டர் ஒரு கல்யாண மண்டபத்தில் பேச ஏற்பாடாகியிருந்தது. கோழிக்கு முகம் வீங்கி, மூக்கில் நீர் வடியும் ஒரு நோய் அந்த வட்டாரத்தில் தலைகாட்டியிருந்தது. ஆரம்பத்திலேயே கண்டுகொண்டால் மருந்துக்கு அடங்கும். விட்டால் ஷெட் ஷெட்டாகத் தாவும். அதன் முதல் அறிகுறி எப்படி இருக்கும் என்பதைப் படம் பார்த்தால்தான் புரியும். படங்கள் அத்தனையும் மஞ்சுளா எடுத்தவை. அவள் லேப்டாப்பில் இருந்தன. அந்த வாரம்தான் புது சிஸ்டம் ஏற்றியிருந்தாள். வைஃபை, ஒலி, பேட்டரி எல்லாம் சோதித்தாயிற்று.

மண்டபம் நிறைந்திருந்தது. புரொஜெக்டர் கம்பியைச் சொருகினாள். மேடைத் திரை நீலமாகவே நின்றது. பிடுங்கிச் சொருகினாள். இயந்திரத்தை அணைத்துப் போட்டாள். "சாமி, மானத்தை வாங்காத சாமி" என்றாள். காது மடல் சுட்டது.

முன்வரிசையில் ஒருவர் எழுந்து, "தள்ளி உட்டா ஸ்டார்ட் ஆகுமுங்களா? நாங்க வேணா நாலு பேர் வாரோம்" என்றார். மண்டபமே சிரித்தது. மஞ்சுளாவும் சிரித்துவிட்டாள். சிரித்த மறுநொடி அழுகை முட்டியது.

டாக்டர் குனிந்து, "என்னம்மா ஆச்சு?" என்றார்.

"புது சிஸ்டத்துல இதை ஒண்ணை மட்டும் சோதிச்சுப் பாக்கலைங்க டாக்டர்."

"பழைய சிஸ்டத்துல போட்டுக் காட்டலாமே?"

"அழிச்சுப்போட்டேனுங்க."

டாக்டர் ஒரு பெருமூச்சு விட்டார். படங்களை எல்லோருக்கும் வாட்ஸ்ஆப்பில் அனுப்ப அவருக்கு மனமில்லை. யார் பண்ணைக் கோழி இது என்ற பேச்சு மறுநாளே கிளம்பிவிடும். அந்தப் பண்ணைக்கு வியாபாரி லாரி வராது. வேறு லேப்டாப் கிடைக்குமா என்று மண்டபத்து மேனேஜர் யார் யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தார். காத்திருக்க முடியாமல் டாக்டர் மைக்கை வாங்கிப் பேசத் தொடங்கினார். மஞ்சுளா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மேடையை விட்டு இறங்கினாள். "சித்தெ பாத்துக்கங்க" என்று முதல் வரிசையில் நீட்டினாள். கோயிலில் தீபாராதனைத் தட்டை ஏந்தி வருவதுபோல, வரிசை வரிசையாக நின்று படம் காட்டிக்கொண்டே போனாள். அவரவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார்கள்.

பின்வரிசை ஓரத்தில் இருந்தவர் பெரிய பண்ணைக்காரர் அப்புசாமி. ஒரு படத்தில் அவர் விரல் தானாக நின்றது. கண்ணுக்குக் கீழே லேசாகப் புடைத்த முகம். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, உதடு அசையாமல் கேட்டார்.

"கண்ணு, இது கொசு கடிச்ச வீக்கம் மாதிரியே இருக்குதே?"

"அப்படித்தானுங்க தெரியும். மூக்குல தண்ணி வந்துச்சுங்களா?"

"வந்துச்சு. ரெண்டாவது ஷெட்டுல. மழைக்கு சளின்னு உட்டுப்போட்டேன்." அவர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துக்கொண்டார். "சத்தமாச் சொல்லிப்போடாத சாமி."

மஞ்சுளா சொல்லவில்லை. அடுத்தவருக்குப் படம் காட்டியபடி நகர்ந்தாள். கூட்டம் கலைந்து, எல்லோரும் கேசரியும் காபியுமாக நின்றபோது டாக்டரின் பக்கத்தில் போய்ச் சுருக்கமாகச் சொன்னாள். டாக்டர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கார் சாவியை எடுத்தார்.

அப்புசாமியின் பண்ணையில் சந்தேகம் சரியாகவே இருந்தது. ஆனால் நோய் இரண்டாவது ஷெட்டின் ஒரு மூலையைத் தாண்டவில்லை. குடிதண்ணீரில் மருந்து கலந்தார்கள். மற்ற ஷெட்டுகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். அங்கே போகவும் வரவும் மஞ்சுளாதான். ஒவ்வொரு தடவையும் உடை மாற்றி, லேப்டாப் உறைக்கும் மருந்து தெளித்து. வாரம் கழிந்தபோது வீங்கிய முகங்கள் வற்றிக் கோழிகள் தீவனத் தொட்டியைக் கொத்திக்கொண்டிருந்தன.

அப்புசாமி ஓர் அட்டை முட்டையோடு ஆய்வகத்துக்கே வந்தார். "அம்மிணி, உம்பட பொட்டி அன்னைக்குப் படங் காட்டாம நின்னது எனக்கு நல்லதாப் போச்சு. மேடையில காட்டியிருந்தா நான் பாத்துப்போட்டு வாயை மூடிட்டு ஊட்டுக்குப் போயிருப்பேன்."

"சந்தோசமுங்க. ஆனாலும் அது காட்டியிருக்கோணுமுங்க."

அவர் அவளை வேடிக்கையாகப் பார்த்தார். டாக்டரோ உள்ளறையிலிருந்து, "அதை உடமாட்டா, நீங்க போயிட்டு வாங்க" என்றார்.

அவர் சொன்னதுதான் நடந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை செங்கோடன் லோடு இறக்கிவிட்டு வீட்டில் இருந்தான். டி.வி.யில் படம் பார்க்க உட்கார்ந்தவனிடமிருந்து ரிமோட்டை வாங்கிவிட்டு, டி.வி.க்கும் லேப்டாப்புக்கும் நடுவில், புது போன் சார்ஜர்போல 'டைப்-சி' முனை வைத்த அதே கம்பியைப் போட்டாள். நீலத் திரை. சிஸ்டம் தனக்குள் என்ன முணுமுணுக்கிறது என்று வரி வரியாகப் படிக்கத் தொடங்கினாள். செங்கோடன் வேர்க்கடலை உரித்து அவள் வாயருகே நீட்டினான், பார்க்காமலே வாங்கிக்கொண்டாள்.

ஓரிடத்தில் கண் நின்றது. கம்பி தலைகீழாக இருக்கிறது என்று பொருள்படும் ஒரு சொல்.

"மாமா, இந்தக் கம்பிக்கு மேலு, கீழுன்னே கிடையாதுங்களே. எப்படிச் சொருகினாலும் ஒண்ணுதானே?"

"அப்படித்தான் சொல்றாங்க."

"யாரு சொல்றாங்க?" என்றபடியே கம்பியைப் பிடுங்கினாள். புரட்டினாள். சொருகினாள்.

டி.வி. முழுக்க அவள் லேப்டாப்பின் முகப்பில் வைத்திருந்த நீலவானப் படம் பளிச்சென்று விரிந்தது. செங்கோடன் கையிலிருந்த கடலைத் தொலி பறக்க எழுந்து நின்றுவிட்டான். மஞ்சுளா மறுபடி பிடுங்கிப் புரட்டினாள், இருட்டு. புரட்டினாள், வானம். நம்ப முடியாமல் இன்னொருமுறை செய்து பார்த்தாள். பிறகு தன்னை மறந்து அவன் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். அந்த வேகத்திலேயே, ஒரு பக்கமாகச் சொருகினால் மட்டும் படம் வருகிறது என்று இணையத்தில் எழுதிப் போட்டாள். வரைபடக் கோப்பைத் திருத்துகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். சற்று நேரத்தில் பிரேசில்காரரிடமிருந்து பதில் வந்தது. அவருக்கும் பல மாதமாக வராத படம் வந்துவிட்டதாம். கீழே, கோணலும் மாணலுமாகத் தமிழில் 'நன்றி'.

"சரி, நாளைக்கு மேடையில எந்தப் பக்கம்னு எப்படிக் கண்டுபுடிப்ப?" என்றான் செங்கோடன். கம்பியின் தலை இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே இருந்தது. மார்க்கர் பேனா எங்கேயாவது கிடக்குமா என்று அவன் அலமாரியைக் குடையத் தொடங்கினான்.

அவன் திரும்பிப் பார்ப்பதற்குள் மஞ்சுளா நெற்றியிலிருந்த சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை நகத்தால் நெம்பி எடுத்து, கம்பியின் மேல்பக்கத்தில் வைத்து, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள்.