யார் வேண்டுமானாலும் கேட்கலாம்

போன வாரம் ஒரு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்குப் போய் வந்தேன். போய் வந்தேன் என்பது ஒரு பேச்சுக்குத்தான். மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே லுங்கி, முன்னால் மடிக்கணினி. சேந்தமங்கலத்துப் பையன் ஒருவன், கைப்பேசிப் பழக்கத்தைப் பற்றி ஆராய்ந்தவன், திரையில் பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தான். அவனுக்கு கைடு கோகிலா. ஒரு காலத்தில் என்னோடு சேர்ந்து ஆய்வு செய்தவள், இப்போது பேராசிரியை. பையன் இரண்டாம் அத்தியாயத்துக்கு வருவதற்குள் பக்கத்து வீட்டில் வரமிளகாயைக் கிள்ளி எண்ணெயில் போட்டுவிட்டார்கள். எனக்கு ஒரே இருமல். பின்னாலேயே சின்ன வெங்காயமும் தேங்காய்ச் சில்லும் வதங்கும் வாசனை. பள்ளிபாளையம் சிக்கன், சந்தேகமே இல்லை. அந்த நெடி ஏறியதும் பையன் பேசியது ஒன்றும் காதில் விழவில்லை. எங்கள் பழைய துறையின் கூடம்தான் கண் முன்னால் வந்தது.

அப்போதெல்லாம் வாய்மொழித் தேர்வு என்றால் பாதி தேர்வு, பாதி விருந்து. வெளியூரிலிருந்து வருகிற தேர்வாளருக்கு மாலை, சால்வை, மத்தியானம் கறிச்சோறு. எல்லாம் மாணவர் வீட்டுப் பொறுப்பு. எந்த விதியிலும் கிடையாது, எல்லோரும் செய்தார்கள். விதியில் இருந்தது வேறு. தேர்வு பொதுமக்கள் முன்னிலையில் நடக்க வேண்டும், வந்திருப்பவர் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள், மேடையிலும் ஒரு தடவை சொல்வார்கள். ஆனால் யார் எதைக் கேட்பது என்று முதல் நாளே துண்டுச் சீட்டில் எழுதி ஜூனியர்களிடம் கொடுத்துவிடுவார்கள். கேள்வியை எழுதுவதும் பதிலை மனப்பாடம் செய்வதும் பட்டம் வாங்கப்போகிறவரே. கோகிலாவின் தேர்வில் எனக்குக் கிடைத்த சீட்டு, 'தங்கள் ஆய்வால் சமுதாயத்துக்கு என்ன பயன்?' அதைக் கண்ணாடி முன்னால் நின்று பல விதமாகச் சொல்லிப் பார்த்தேன். என் சொந்த ஆய்வு நாமக்கல்லில் முட்டை வாங்குவோரின் மனநிறைவு பற்றியது. அதே கேள்வியை என்னிடம் கேட்டிருந்தால் ஆம்லெட் என்றுதான் சொல்லியிருப்பேன்.

எங்கள் கைடு உளவியல் பேராசிரியர். மனித மனதை நன்றாக அறிந்தவர், எங்கே குத்தினால் வலிக்கும் என்கிற அளவுக்கு. அவர் வீட்டு கேஸ் சிலிண்டரை மாற்றியதும், அவர் மகளை டியூஷனுக்குக் கொண்டுபோய் விட்டதும் என் ஆய்வுக் காலத்தில் அடங்கும். அதைக்கூட மன்னித்துவிடலாம். முந்தின வருடம் ஒருவரை, மாலையெல்லாம் வாங்கி வைத்த பிறகு, மேடையிலேயே "திருத்தி எழுதிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். சீட்டில் இல்லாத கேள்வி ஒன்றுக்கு அந்த ஆள் திணறியதுதான் குற்றம். அந்த ஆளின் மனைவி கொண்டுவந்த கறிச்சோற்றை மட்டும் திருப்பி அனுப்பவில்லை.

அதனால் கோகிலாவுக்கு முன்கூட்டியே கைடே பாடம் நடத்தினார். "சீட்டுல இல்லாத கேள்வி எவனாவது கேட்டா யோசிக்காத. இது என் ஆய்வின் எல்லைக்குள் வராதுங்கன்னு சொல்லு. ஒரே வரி. முழிச்சே, கையெழுத்து கெடையாது." அவள் அப்போது ஒரு கல்லூரியில் தற்காலிக வேலையில் இருந்தாள். பட்டம் வந்தால் வேலை நிரந்தரம், வராவிட்டால் அந்த மாதத்தோடு வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியிருந்தார்கள். பஸ்ஸில் உட்கார்ந்துகூட அந்த வரியை முணுமுணுத்துக்கொண்டு வருவாள்.

அவளுடைய ஆய்வு லாரி ஓட்டுநர் மனைவியரின் தனிமை. சங்ககிரியில் அதற்குப் பஞ்சமா என்ன? அவள் அப்பாவே லைன் லாரி ஓட்டுகிறவர். வடக்கே லோடு ஏற்றிப் போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. கோகிலா வினாப் படிவத்தை எடுத்துக்கொண்டு அவர்கள் வீதியில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். வீட்டுக்காரர் ஊரில் இல்லாதபோது யாரிடம் மனம்விட்டுப் பேசுவீர்கள், இரவில் தூக்கம் வருகிறதா, அழுவதுண்டா? அந்தப் பெண்களை அதுவரை யாரும் இப்படி உட்கார வைத்துக் கேட்டதில்லை. காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு அழுதார்களாம். "எங்கம்மாகிட்டதான் மொதல்ல கேக்கலாம்னு இருந்தேன்," என்று என்னிடம் ஒரு நாள் சொன்னாள். "சொந்தக்காரங்களக் கேட்டா ஆய்வு கெட்டுப்போயிரும்னுட்டாரு கைடு." அவர் சொன்னது ஆய்வு முறைப்படி சரிதான். ஆனால் அந்த முறையைப் பற்றி வீட்டில் யாரும் அம்மாவுக்கு விளக்கிச் சொல்லவில்லை.

தேர்வன்று அவள் அம்மா பாவாயி, விடிவதற்கு முன்னால் அடுப்பு மூட்டி, சங்ககிரியிலிருந்து வேனில் அண்டாவோடு வந்து இறங்கினார். அப்பா லைனுக்குப் போயிருந்தார். பட்டுச்சேலை கட்டியிருந்தாலும் மிளகாய் நெடி கூடவே வந்தது. கைடு கட்டளைப்படி அவரைக் கடைசி வரிசையில் உட்கார வைத்தோம். கோகிலா நன்றாகவே பேசினாள். சீட்டுக் கேள்விகள் ஒவ்வொன்றாக முடிந்தன, என்னுடையதும் குரல் உடையாமல் முடிந்தது. கைடு மைக்கைப் பிடித்து, வழக்கம்போல, "இது பொதுமக்கள் மன்றம். யார் வேண்டுமானாலும் கேட்கலாம்," என்றார்.

பாவாயி அம்மா எழுந்து நின்றார். அந்த அறிவிப்பை அந்தக் கூடத்தில் நிஜமென்று நம்பிய ஒரே ஆள் அவர்தான்.

"ஏஞ்சாமி, நம்ம வீதியில எல்லா ஊட்டுக்கும் போயி கேட்டுட்டு வந்தயே. நம்மூட்ல எங்கிட்ட மட்டும் ஏஞ்சாமி ஒண்ணுமே கேக்கல?"

முன் வரிசையில் யாரோ சிரிக்க, மொத்தக் கூடமும் சிரித்தது. வெளித்தேர்வாளருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. கைடு நினைத்திருந்தால், உட்காருங்கம்மா, அப்புறம் பேசிக்கலாம் என்று முடித்திருக்கலாம். அவர் முகத்தில் ஒரு குஷி வந்ததை நான் பார்த்தேன். "நல்ல கேள்வி. பொதுமக்கள் கேக்கறாங்க, பதில் சொல்லும்மா," என்றார், கையெழுத்துப் போடும் பேனாவை மூடியபடி.

கோகிலாவிடம் உண்மையான பதில் இருந்தது. ஆனால் அதைச் சொல்ல, 'நீ என் அம்மா, அதனால்தான்' என்று அந்தச் சிரிப்புக்கு நடுவே தொடங்கியிருக்க வேண்டும். அவள் பேனாவைப் பார்த்தாள். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"இது என் ஆய்வின் எல்லைக்குள் வராதுங்க."

பலத்த கைதட்டல். பாவாயி அம்மா சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் தட்டுகிறார்களே என்று அவரும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு உட்கார்ந்தார். எனக்கு அந்தக் கூடத்தையே கொளுத்திவிடலாம் போலிருந்தது. அப்புறம் அவரே எல்லோருக்கும் பரிமாறினார். இரண்டாம் முறை கறி போட்டுக்கொண்ட கைடு, "கேள்வி எப்படியோ, கோழி பாஸ்மா," என்றார். அதற்கும் சிரித்தார்கள்.

கோகிலாவுக்குப் பட்டம் வந்தது, வேலையும் நிரந்தரமானது. தேர்வன்று எடுத்த படங்களைக் கொடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்ககிரிக்குப் போனேன். "வாங்க சாமி, சாப்புட்டீங்களா? ஊட்ல அம்மா சௌக்கியமுங்களா?" என்று பாவாயி அம்மா என்னிடம் ஆயிரம் கேட்டார். கோகிலா உள்ளே வந்ததும், "சோறு இருக்குது," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "சேல காஞ்சிருச்சு." நான் முதலில் கவனிக்கவில்லை. கிளம்பும்போது வாசலில் கோகிலாதான் சொன்னாள். "சாப்ட்டியான்னு கேக்கறதில்ல. எப்ப வருவேன்னு கேக்கறதில்ல. கோவமெல்லாம் இல்ல, நல்லாத்தான் இருக்குது. எங்கிட்ட மட்டும் எதையும் கேக்கறதில்ல." வருடக் கணக்கில் அப்படியே ஓடியது. அம்மா ஆஸ்பத்திரியில் கடைசியாகப் படுத்திருந்தபோது, "எங்கிட்ட ஏதாச்சும் கேளும்மா," என்று கெஞ்சினாளாம். பாவாயி அம்மா அவள் கையைத் தடவிக்கொடுத்து, "காலேஜுக்கு நேரமாவுது சாமி," என்றாராம்.

கைடும் போய்ச் சேர்ந்துவிட்டார். இரங்கல் கூட்டத்தில் மனித மனங்களை வென்றவர் என்று பேசினார்கள், நான் பாதியில் எழுந்து வந்துவிட்டேன். துண்டுச் சீட்டு, சால்வை, அண்டா எதுவும் இப்போது இல்லை. கூடத்தில் ஏசி போட்டு ஏதோ ஆய்வகம் ஆக்கிவிட்டார்கள். கேள்வி இருந்தால் தட்டச்சு செய்து அனுப்பலாம் என்று திரையின் ஓரத்தில் ஒரு வரி வருகிறது, அதை யாரும் படிப்பதில்லை.

என் இருமல் அடங்கி நிமிர்ந்தபோது சேந்தமங்கலத்துப் பையன் முடித்துவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் கதவைத் திறந்துகொண்டு ஓர் அம்மா வந்தார், கையில் டம்ளர். மகனைப் பார்த்தார். பிறகு குனிந்து, திரையில் இருந்த எங்கள் எல்லோரையும் பார்த்து, "ஏனுங்க..." என்று ஆரம்பித்தார்.

பையன் பக்கத்து ஒலியைக் கோகிலா அணைத்துவிட்டாள். அந்த அம்மா சொல்ல வந்ததை முழுதாகச் சொல்லி முடித்தார், வாய் மட்டும் அசைந்தது. பிறகு டம்ளரை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.