கசார்வாடியைத் தாண்டி உருவான நிலா

இன்று காலை மெட்ரோவில் மகள் மீனா தன் போனைக் காட்டினாள். திரையில் தீக்குழம்பாய் இரண்டு கோள்கள்.

"ராத்திரி முழுக்க காலேஜ் கம்ப்யூட்டர் போட்ட கணக்குப்பா. பூமிய இன்னொரு கிரகம் இடிக்குது. சிதறுறதுல நிலா சேரணும். இதுவரைக்கும் போட்ட கணக்குல எதுலயும் சேரவே இல்ல. இன்னிக்கு சார்கிட்ட காட்டணும்."

"மெதுவா இடிக்கச் சொல்லேன்." பத்தாவது பாஸான நான், மீனா ஸ்கூட்டர் எடுக்கும்போதெல்லாம் சொல்வதும் அந்த 'மெதுவா'தான்.

"நேரா இடிச்சா வராதுப்பா. சாய்ஞ்சு இடிக்கணும்."

இடித்தது. சத்தமே இல்லை. பூமி தண்ணீர்ச் சொட்டு போல நீண்டு குலுங்கி, தன்னைச் சுற்றி ஒளி வளையம் ஒன்றை விரித்தது.

பக்கத்து சீட் மராத்தி அம்மாள் எட்டிப் பார்த்து, "சந்த்ர குட்டே?" என்றார். நிலா எங்கே என்று எனக்கும் அதே கவலை.

கசார்வாடியில் கதவு திறந்தது. நான் வேலை பார்க்கும் பட்டறை அங்கேதான். எழுந்திருக்க மனம் வரவில்லை. கதவு மூடிக்கொண்டது.

தாபோடி ஸ்டேஷன் வருவதற்குள் வளையத்தில் சின்னதாய் ஓர் உருண்டை திரண்டது. விழவில்லை, சுற்றியது.

"வந்துடுச்சுப்பா!" மீனா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

இப்போது தாபோடியில் இறங்கி, திரும்பிப் போக எதிர்ப்பக்க பிளாட்பாரத்தில் நிற்கிறேன். சூப்பர்வைசர் போன் அடித்துக்கொண்டே இருக்கிறார். நிலா வரும்வரை இருந்தேன் என்றால் நம்பமாட்டார். நம்பும்படியான பொய் கைவசம் உள்ளவர்கள் சீக்கிரம் கமெண்டில் போடவும்.