கத்தரிக்கோல் சத்தத்துக்கு வந்த மைனா

ரேடியோ அக்கா வாயை மூடிக்கொண்டிருந்த இடம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான்: அவளுடைய தையல் கடையின் பின்னறை. மற்றபடி, காலையில் ஷட்டரைத் தூக்கும்போது ஆரம்பிக்கிற பேச்சு ஷட்டரை இறக்கும்போதுதான் நிற்கும். வாயில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டு அளவெடுக்கும்போதும் பேசுவாள். ஒருமுறை பல் டாக்டர் அவள் வாய்க்குள் இரண்டு கருவிகளை நுழைத்திருந்தபோதே, அவருடைய கோட்டில் தோள்பட்டைத் தையல் சரியில்லை என்று சொல்லி முடித்துவிட்டாள். அது அவருக்குப் புரிந்ததுதான் வேடிக்கை. மறுநாளே கோட்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

அப்படிப்பட்டவள் பின்னறைக்குள் நுழைந்ததும் ஊமையாகிவிடுவாள். அங்கே குஞ்சுகள் இருந்தன. காற்றில் கூட்டிலிருந்து விழுந்தவை, தாயைப் பூனைக்குப் பறிகொடுத்தவை, மரம் வெட்டும்போது கூட்டோடு கீழே வந்தவை. மைனா, கொண்டைக்குருவி, தவிட்டுக்குருவி, ஒரு தடவை எல்லோரையும் கடன்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்த ஓர் ஆந்தைக்குஞ்சு. எல்லாமே அந்த ஊர் மரங்களில் பிறந்தவை, அந்த மரங்களுக்கே திரும்பிப் போகவேண்டியவை. பேண்ட் தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் ஒரு கையில் துணியும் இன்னொரு கையில் செருப்புப் பெட்டியுமாக வருவார்கள். பெட்டிக்குள் 'கீச்' என்று கேட்டால் அந்த பேண்ட் ஒரு மாதம் தள்ளிப்போகும் என்று அவர்களுக்கே தெரியும்.

முதல் மைனாவை வளர்த்தபோது அவள் இப்படி ஊமையாக இருக்கவில்லை. நாள் முழுக்க அதனோடு பேசினாள். பேர் வைத்தாள். மெஷின் மேல் உட்காரவைத்து ஊர்க்கதையெல்லாம் சொன்னாள். இறக்கை முளைத்ததும் சந்தோஷமாக வெளியே விட்டாள். மனிதர் என்றால் அக்கா மாதிரிதான் இருப்பார்கள் என்று நினைத்த அந்த மைனா, நான்காம் நாள் கடைவீதியில் முன்பின் தெரியாத ஒருவருடைய கழுத்தில் போய் உட்கார்ந்தது. பாவம், அந்த ஆள் பயந்து ஓங்கி ஒரு அடி அடித்துவிட்டார். அவ்வளவுதான். அவளுடைய தம்பிதான் குழி தோண்டினான். அந்த மைனாவின் பேரை அக்கா அதன்பிறகு யாரிடமும் சொன்னதில்லை.

கால்நடை டாக்டர் சுருக்கமாகச் சொல்லிவிட்டார்: "பேசாதீங்கம்மா. முகத்தையும் காட்டாதீங்க. உங்கமேல அதுக்குப் பிரியம் வந்துச்சுன்னா, அது பொழைக்காது."

அன்றைக்கே கறுப்புத் துணியில் ஒரு திரை தைத்தாள். கை நுழைக்க ஒரு ஓட்டை, பார்க்க ஒரு ஓட்டை. கையில் கறுப்பு உறை, விரலிடுக்கில் முள் பிடுங்குகிற ஒரு சாமணம், சாமண நுனியில் வேகவைத்த முட்டையோ புழுவோ ஊறவைத்த பூனைத்தீனியோ. பறவையைப் பூனைத்தீனி போட்டு வளர்ப்பதில் அவளுக்கு ஒரு குரூரமான திருப்தி இருந்தது. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அரை மணிக்கு ஒரு தடவை ஊட்ட வேண்டும். முன்கடை சின்னது என்பதால் துணி வெட்டும் மேஜையும் பின்னறையில்தான் இருந்தது. பேசமுடியாத எரிச்சலோடு, வெட்டுவதும் ஊட்டுவதுமாக அவள் நாள் கழியும். இப்படியே நாற்பத்தொரு பறவைகளை வளர்த்துப் பறக்கவிட்டாள். ஒன்றுகூட அவளைத் தேடி வரவில்லை. அதை அவள் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

நாற்பத்திரண்டாவது ஒரு மைனா. மொட்டைமாடிக் கூண்டில் இரண்டு வாரம் பறந்து பழகியது. தானாகவே வெட்டுக்கிளி பிடித்தது. ஒரு காலையில் கூண்டுக் கதவைத் திறந்தாள். போயிற்று.

மூன்றாம் நாள் தம்பியின் போன் வந்தது. தம்பி அடுத்த தெருவில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தான்.

"அக்கா, உன் ஆளு நம்ம கடைக்கு வந்திருக்கு. கட்டிங்கா ஷேவிங்கான்னு கேட்டா வாயை மட்டும் தொறக்குது."

"என்னடா உளர்ற?"

"ஹெட்மாஸ்டர் தலைமேல உக்காந்திருக்குக்கா. பாதிதான் வெட்டியிருக்கேன். மனுஷன் மூச்சுவிடக்கூட மாட்டேங்கிறார்."

அக்கா அளவு நாடா கழுத்தில் தொங்கத் தொங்க ஓடினாள். அவன் சொன்னது நிஜம். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், ஒரு பக்கம் முடியும் ஒரு பக்கம் வெளிச்சமுமாக, சிலைபோல் உட்கார்ந்திருந்தார். உச்சந்தலையில் மைனா. அதன் வாய் அகலத் திறந்திருந்தது. தம்பி ஒரு பன்னைப் பிய்த்து அதன் வாயில் வைத்துக்கொண்டிருந்தான். வாசலில் ஏழெட்டுப் பேர் வேடிக்கை பார்த்தார்கள்.

அக்கா கத்த வாயெடுத்தாள். உடனே மூடிக்கொண்டாள். பறவைக்கு முன்னால் பேசக்கூடாது. இடுப்புப் பையிலிருந்து துணியில் கோடு போடும் சாக்கட்டியை எடுத்து, சலூன் கண்ணாடியிலேயே பெரிதாக எழுதினாள்: யாரடா தீனி போடச் சொன்னது?

"அது வாயைத் தொறந்தா நான் என்ன செய்ய?"

வாயை மூடு, என்று எழுதினாள்.

"இதைச் சொல்றதுக்கு உலகத்துலயே தகுதி இல்லாத ஒரே ஆளு நீதான்."

கூட்டம் சிரித்தது. தம்பி தலைமை ஆசிரியரின் மீதி முடியை வெட்டப் போனான். கத்தரிக்கோல் சட்சட்டென்றது. மைனா வாயைத் திறந்தது. கத்தரி நின்றது. மைனா வாயை மூடியது. மறுபடி சட்சட். மறுபடி திறந்த வாய்.

அக்கா தன் வலது கையைப் பார்த்தாள். கட்டைவிரலும் நடுவிரலும் தாமாகவே அசைந்துகொண்டிருந்தன. பின்னறையில் வாயைக் கட்டிப்போட்ட பிறகு, பேச்சு அவள் கை வழியாக வெளியே வந்திருக்கிறது. 'இதோ வந்துட்டேன், சாப்பிடு செல்லம்' என்று வாயால் சொல்லமுடியாததை, ஊட்டுவதற்கு முன்னால் கத்தரியைக் காற்றில் இரண்டு தடவை சொடுக்கிச் சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு அரை மணிக்கும். முந்தைய நாற்பத்தொன்றுக்கும் அப்படித்தான் செய்திருப்பாள். அவற்றில் எதுவும் இதுவரை சலூன் பக்கம் போகவில்லை என்பது அதிர்ஷ்டம்.

கண்ணாடியில், மற்ற எழுத்துக்களுக்குக் கீழே, சின்னதாக எழுதினாள்: நான்தான்.

விஷயத்தைக் கேட்ட கால்நடை டாக்டர் சிரித்துவிட்டுச் சொன்னார். "வெளியில தானா இரை பிடிக்குதுல்ல? அப்போ பட்டினி கெடக்காது. சத்தம் கேக்கணும், ஆனா ஒரு துணுக்குக்கூட கிடைக்கக்கூடாது. பத்து நாள் விடாம செஞ்சா மறந்துடும். நடுவுல யாராவது ஒருத்தர் ஊட்டினாலும் மறுபடி மொதல்லேருந்துதான்."

தம்பிக்கு மனசே இல்லை. கடையில் இவ்வளவு கூட்டத்தை அவன் கண்டதில்லை. அக்கா அவனை மைனாவுக்குக் கேட்காத தூரத்துக்கு, தெருமுனைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"மொத மைனாவுக்கு நீதானடா குழி தோண்டின?"

அவன் செருப்பு நுனியைப் பார்த்தான். "ஆமா."

"இதுக்கும் நீதான் தோண்டணும். இப்பவே மண்வெட்டியைத் தீட்டி வச்சுக்கோ."

"சரி சரி, விடு. நாளைலேருந்து ஒருத்தனும் ஒண்ணும் போடமாட்டான்."

ஆனால் அவனை நம்பி விட்டுவிடுகிற ஆளா அவள்? மறுநாள் காலை பொத்தான் கட்டவேண்டிய சட்டைகளை ஒரு மூட்டையாகக் கட்டிக்கொண்டு சலூன் பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டாள். மைனாவுக்காகப் பத்து நாள் காவல். பத்து நாளும் மௌனம்.

விஷயம் பரவியது. மைனாவைப் பார்க்க வந்த கூட்டம் இரண்டாம் நாளிலேயே, பேசாமல் உட்கார்ந்திருக்கும் ரேடியோ அக்காவைப் பார்க்க வரும் கூட்டமாகிவிட்டது. பேண்ட்டுக்காக ஆறு வாரம் அலைந்த பிளம்பர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, மனதில் இருந்ததையெல்லாம் நிதானமாகக் கொட்டிவிட்டுப் போனார். ஜாக்கெட் இறுக்கமாகிவிட்டது என்று ஒருத்தி சொன்னாள். 'ஜாக்கெட் அப்படியேதான் இருக்கு' என்ற பதில் அக்காவின் தொண்டைவரை வந்து திரும்பிப் போவதை எல்லோரும் பார்த்தார்கள். அவள் ஒரு துண்டுத்துணியில் சாக்கட்டியால் ஒவ்வொருவர் பேராகக் குறித்துக்கொண்டாள்.

தம்பிதான் மோசம். கத்தரியை ஓட்டிக்கொண்டே, வருகிறவர்களிடமெல்லாம் அக்காவின் சின்னவயசுக் கதைகளை அவிழ்த்துவிட்டான். "நாலாங்கிளாஸ்ல ஃபெயில் சார். ரிசல்ட் பார்த்துட்டு நேரா தண்ணித்தொட்டிக்குள்ள போய் ஒளிஞ்சுகிட்டா." எல்லாமே பொய், அல்லது அவனுக்கு நடந்தவை. அக்காவின் முகம் சிவந்தது, ஊசி விரலில் குத்தியது, பொத்தான் காஜாவுக்கு ஒரு அங்குலம் தள்ளிப் போய் உட்கார்ந்தது.

கத்தரி சொடுக்கும்போதெல்லாம் மைனா வந்தது. தோளில், கண்ணாடி விளிம்பில், ஷேவிங் கிண்ணத்தில் உட்கார்ந்து வாயைத் திறந்தது. யாரும் எதுவும் தரவில்லை. ஐந்தாம் நாள் சட்டைப்பையிலிருந்து பிஸ்கட் துண்டை எடுத்த தலைமை ஆசிரியரை அக்கா கையும் களவுமாகப் பிடித்தாள். நல்லவேளை, இன்னும் ஊட்டியிருக்கவில்லை. அந்த வாரத்தில் மனுஷர் மூன்றாவது தடவையாக முடி வெட்டிக்கொள்ள வந்திருந்தார். வெட்டுவதற்குத் தலையில் ஒன்றும் பாக்கியில்லை.

"சும்மா, ஒரு பாசம்தான்..." என்று இழுத்தார்.

கண்ணாடியில் எழுதினாள்: பாசம்தான் சார் கொல்லும்.

அவர் பிஸ்கட்டைத் தானே தின்றுவிட்டுப் போனார்.

ஏழாம் நாள் மைனா ஜன்னலோடு நின்றுகொண்டது. எட்டாம் நாள் உள்ளே வந்து, இத்தனை பேரை விட்டுவிட்டு, அக்காவின் முழங்கால்மேல் உட்கார்ந்தது. அவள் முகத்தை அது அறியாது. ஆனால் அந்தக் கையின் அளவோ அசைவோ எதுவோ தெரிந்திருக்க வேண்டும். அவளைப் பார்த்து வாயைத் திறந்தது, உள்ளே மஞ்சளாகத் தெரிந்தது. இடுப்புப் பையில் அவள் மத்தியானத்துக்கென்று வைத்திருந்த அவித்த முட்டை இருந்தது. அக்கா வலது கையைத் தொடைக்கு அடியில் செருகி அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள். கண்ணிலிருந்து வழிந்ததை இடது கையால் துடைத்தாள். தம்பி அன்றைக்குக் கதை எதுவும் சொல்லவில்லை. கத்தரியை மட்டும் சொடுக்கிக்கொண்டே இருந்தான். சற்று நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மைனா எழுந்து போனது.

ஒன்பதாம் நாள் வரவில்லை. பத்தாம் நாளும் வரவில்லை.

பதினோராம் நாள் சாயங்காலம் இருவரும் பஸ் நிறுத்தத்து மரத்தடிக்குப் போனார்கள். ஊர் மைனாக்களெல்லாம் அடையும் மரம் அது. கிளை தெரியாமல் ஐம்பது அறுபது உட்கார்ந்து, ஒன்றை ஒன்று பேசவிடாமல் கத்திக்கொண்டிருந்தன. அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு தன் துணிக்கத்தரியை உயர்த்தி இரண்டு தடவை சொடுக்கினாள்.

அத்தனையும் அலறியடித்துக்கொண்டு பறந்தன. ஒன்றுகூடக் கீழே வரவில்லை.

"அக்கா, இதுல உன்னோடது எது?"

"தெரியலடா!" என்றாள் அக்கா. லாட்டரி விழுந்தவள்போல் அவன் முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டாள். "சத்தியமா தெரியலடா!"

பிறகு, இன்னொரு மூச்சுகூட வாங்காமல்: "நாலாங்கிளாஸ்ல ஃபெயில் ஆனது யாருடா? தண்ணித்தொட்டிக்குள்ள ஒளிஞ்சது யாரு? உன் காதைப் பிடிச்சு வெளிய இழுத்தது யாரு?" பத்து நாள் கணக்கையும் வரிசை மாறாமல் தீர்த்துவிட்டு, துண்டுத்துணியை எடுத்துக்கொண்டு பிளம்பர் வீட்டுப் பக்கம் நடந்தாள். தம்பி சலூன் பஞ்சைக் காதில் அடைத்துக்கொண்டான்.

அடுத்த நாளே துணி வெட்டும் மேஜையை முன்கடைக்கு இழுத்துப் போட்டாள். கத்தரி பின்னறைக்குள் போகவே கூடாது என்பது புதுச் சட்டம். அதன்பிறகு இன்னும் இருபத்தாறு பறவைகள் பறந்து போயின. எதுவும் எந்த சலூனுக்கும் வரவில்லை.

அக்கா இறந்து ஐந்து மாதமாகிறது. அந்தத் துணிக்கத்தரி இப்போது தம்பியின் கடையில், சீப்புகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. முடி வெட்ட அது உதவாது. சில சாயங்காலங்களில் அவன் அதை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் மைனாக்களைப் பார்த்து இரண்டு தடவை சொடுக்குகிறான்.

நேற்று, முகம் பாதி நுரையோடு நாற்காலியில் காத்திருந்த ஒருவர் கேட்டார். "யாரைக் கூப்புடறீங்க?"

"யாராவது வர்றாங்களான்னு பாத்தேன்."

"யாரும் வரலியே."

"வரமாட்டாங்க சார். எங்கக்கா வளர்ப்பு," என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து, ஷேவிங் கத்தியை எடுத்தான்.