சிவப்பு பட்டனுக்குப் போன கை

இருதயசாமிக்குக் கண் ஒன்றுதான். மற்றதை மணிமங்கலத்தில் சின்ன வயதிலேயே கில்லி பறித்துவிட்டது. ஒற்றைக் கண்ணோடு ஒரகடத்தில் இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் எப்படி வேலைக்குச் சேர்ந்தார் என்பது ஆண்டவருக்கே வெளிச்சம். இருபது வருடம் மிஷின் ஓட்டிவிட்டார். போன வாரம் அந்தக் கண்ணிலும் விழித்திரை கழன்று, பாதிப் பார்வை இருண்டுபோனது.

ஆபரேஷன் செய்தாக வேண்டும். ஆனால் அவருக்கு மூச்சிரைப்பு உண்டு; முழுசாக மயக்குவது ஆபத்து. கண்ணை மட்டும் மரத்துப்போக வைக்கலாம் என்று முடிவெடுத்தார் மயக்க மருந்து டாக்டர் ரஞ்சனி.

“முழிச்சுக்கிட்டுதான் இருப்பீங்க. தலை கொஞ்சம் அசைஞ்சாலும் பார்வை போயிடும். இருமல் வந்தா என் கையை அழுத்துங்க.”

“பிரஸ் ஷாப்பு ஆளு மேடம் நானு. செலை மாரி கெடப்பேன்.”

வாய்ப்பேச்சுக்குக் குறைச்சலே இல்லை.

கண்ணோரம் ஊசி இறங்கியது. முகத்தில் துணி போர்த்தினார்கள். இருட்டு. இனிமேல் இப்படியேதானோ? அசையக் கூடாது, அசையக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார்.

திடீரென்று தலைமாட்டில் அலாரம் அலறியது.

பிரஸ் ஷாப்பில் அலாரம் அடித்தால் யோசிக்கிற பேச்சே கிடையாது. யார் கையாவது உள்ளே மாட்டியிருக்கும். மிஷினை நிறுத்தும் சிவப்பு பட்டனை அடித்துவிட்டுத்தான் மறுவேலை. இருதயசாமியின் வலது கை துணிக்குள் எகிறியது.

பாதி வழியில் ரஞ்சனி மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். தலையும் அசைந்துவிட்டதோ?

“லைனை நிறுத்தியாச்சு,” என்றார் ரஞ்சனி காதோரமாக, பிரஸ் ஷாப்பு பாஷையிலேயே. “யார் கையும் மாட்டலை. நீங்கதான் மூச்சை அடக்கிட்டீங்க, அதான் மிஷின் கத்துது. மெதுவா மூச்சு விடுங்க.”

சிலை மாதிரிக் கிடந்த லட்சணம் அது! மூச்சை விட்டார், இழுத்தார். அலாரம் அடங்கியது.

“கண்ணு இன்னா ஆச்சு மேடம்?”

“நாளைக்குக் கட்டுப் பிரிச்சாதான் தெரியும். பேசாதீங்க.”

மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். இருதயசாமி கண்ணைத் திறக்கவில்லை. திறந்தும் இருட்டாக இருந்துவிட்டால்?

“தொறய்யா,” என்று அதட்டினாள் மனைவி சவரியம்மாள். ஜெபமாலை அவள் கையில் உருண்டுகொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் கட்டிலில் ஏதோ மிஷின் கத்தியது. கை எகிறியது. கூடவே கண்ணும் திறந்துகொண்டது.

எதிரே, கலங்கல் தண்ணீருக்குள் தெரிவதுபோல் ஐந்து விரல்கள் நின்றன.

“யாரு கை அது?”

“உன் கைதான்யா,” என்று ஓவென்று அழுதாள் சவரியம்மாள்.