ஜெபமாலையின் முன்பாதி

விவேக் நகரில் அந்தச் சந்தில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும், சவப்பெட்டிக்காரருக்குச் சொல்லுமுன் மைக்கேல்ராஜுக்குத்தான் போன் போகும். அவர் சாமியாரும் இல்லை, உபதேசியாரும் இல்லை. அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்ப்பவர். சுருதிக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம்; பாட ஆரம்பித்தால் குழந்தைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். ஆனாலும் கிரீஸ் கறை போகாத கையில் ஜெபமாலையோடு அவர் வந்து நின்றால்தான் அழுகிற வீட்டுக்கு ஒரு தெம்பு வரும். எந்த வீட்டிலும் அவர் சொல்வது ஒன்றுதான். "ஆண்டவரு கைவிட மாட்டாரு."

போன ஏப்ரலில் அந்தச் சொல் அவர் வீட்டுக்கே திரும்பி வந்தது. ஒரே மகன் ரயான். ஹெப்பகோடியில் வேலை முடிந்து பைக்கில் வரும்போது பொம்மனஹள்ளி அருகே லாரி மோதி இறந்துபோனான். பெட்டியைச் சுற்றி எல்லோரும் நின்றிருக்க, பக்கத்து வீட்டு ஓஸ்வால்ட் அவர் தோளைத் தொட்டு, "ஆண்டவரு கைவிட மாட்டாருண்ணா" என்றான். பாவம், அவரிடம் கற்றதைத்தான் அவன் சொன்னான். மைக்கேல்ராஜ் அவனை ஏற இறங்கப் பார்த்தார். இத்தனை வருஷமாக இதையா வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தோம் என்று அவருக்கு உடம்பு கூசியது.

அதன் பிறகு அவர் ஜெபமாலையைத் தொடவில்லை. மனைவி டீனாவுக்காக ஞாயிறு பூசைக்குப் போவார். எல்லோரும் விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது வாயை இறுக மூடிக்கொண்டு நிற்பார். மகனின் பெயரைக்கூட அவர் சொல்வதில்லை. டீனாவோ எப்போதும்போல் சமைத்தாள், துவைத்தாள், வருகிறவர்களுக்குக் காபி கொடுத்தாள். அவள் அழுததை யாரும் பார்க்கவில்லை. நெஞ்சழுத்தக்காரி என்று இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள். அப்படிப் பேசியவர்கள் வீட்டில் பிள்ளைகள் நன்றாக இருந்தார்கள்.

அக்டோபர் வந்தது. அது ஜெபமாலை மாதம். அந்தச் சந்தின் கிறிஸ்தவ வீடுகள் சேர்ந்த ஜெபக்குழுவை அன்பியம் என்பார்கள். மாதா சுரூபம் தினமும் மாலையில் ஒரு வீட்டுக்குப் போய், மறுநாள்வரை அங்கே தங்கும். ஜெபமாலையின் ஒவ்வொரு மணியை உருட்டும்போதும் அந்த வீட்டார் ஜெபத்தின் முன்பாதியைச் சொல்ல, வந்தவர்கள் பின்பாதியைச் சொல்வார்கள். கடைசிப் பத்து மணிகள் அந்த வீட்டில் இறந்தவர்களுக்கு. பெயரைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும். இந்த முறையை வகுத்ததே மைக்கேல்ராஜ்தான்.

ஓஸ்வால்ட் தயங்கித் தயங்கி வந்து நின்றான். "இந்த வருஷம் உங்க வீட்ட விட்டுட்டு அடுத்த வீட்டுக்குப் போயிடட்டுமாண்ணா? யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க."

உள்ளேயிருந்து டீனா வந்தாள். "மாதா நம்ம வாசலத் தாண்டிப் போறதா? அவங்களும் புள்ளயப் பறிகொடுத்தவங்கதானே. வரட்டும்."

"வரட்டும்" என்றார் மைக்கேல்ராஜ். "ஆனா நான் ஜெபம் சொல்ல மாட்டேன், டீனா. நம்பாம சொன்னா அது பொய். அவன் போட்டோ முன்னால என்னால பொய் சொல்ல முடியாது."

அன்று மாலை மெழுகுவர்த்திகளோடு சுரூபம் வந்தது. ரயானின் படத்துக்குக் கீழே மேஜையில் வைத்தார்கள். சின்ன ஹாலில் இடம் போதாமல் பாதிப் பேர் வாசலில் நின்றார்கள். எல்லோரும் வீட்டுக்காரரின் குரலுக்காகக் காத்திருந்தார்கள். மைக்கேல்ராஜ் எழுந்தார்.

"எனக்கு இப்ப நம்பிக்கை இல்ல. உங்க வீட்டுல எல்லாம் வந்து பெரிசா பேசினேன். மன்னிச்சிடுங்க."

கோடி வீட்டு பிலோமினாதான் வாயைத் திறந்தாள். கொரோனாவில் கணவனை இழந்தவள்.

"எங்க வீட்டுக்காரர் போனப்ப எனக்கு மட்டும் இருந்துச்சாண்ணா? மாதா படத்தத் திருப்பி வெச்சுட்டு உக்காந்திருந்தேன். நீங்க வந்து என்ன சொன்னீங்க தெரியுமா? 'நீ சும்மா உக்காரும்மா, உன் பங்கையும் சேத்து நாங்க சொல்றோம்'னீங்க. அன்னிக்கு நீங்க சொன்னதுல எனக்கு மனசுல நின்னது அது ஒண்ணுதான். இப்ப நீங்க உக்காருங்க."

அப்படிச் சொன்னதே மைக்கேல்ராஜுக்கு நினைவில்லை. அவர் உட்கார்ந்தார்.

"முன்பாதிய நான் சொல்றேன்" என்று டீனா முழங்காலிட்டாள். அவள் குரல் பிசிறில்லாமல் வந்தது. மணிகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. மைக்கேல்ராஜ் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வார்த்தைகள் எதுவும் அவருக்குள் போகவில்லை. ஆனால் வாசலில் நிற்பவர்களும் தன் பங்கையும் சேர்த்துச் சொல்கிறார்கள் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்தது.

கடைசிப் பத்து மணிகள் வந்தன. பெயரைச் சொல்ல வேண்டும். டீனா படத்தை நிமிர்ந்து பார்த்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மறுபடியும் முயன்றாள். பிறகு இத்தனை மாதம் அடக்கி வைத்ததெல்லாம் உடைந்து, மேஜையின் காலைப் பிடித்துக்கொண்டு கதறினாள். பிலோமினா எழப் பார்த்தாள்.

அதற்குள் மைக்கேல்ராஜ் மனைவியின் பக்கத்தில் முழங்காலிட்டிருந்தார். அவள் விரல்களிலிருந்து ஜெபமாலையை மெதுவாக எடுத்தார். நம்பிக்கை ஒன்றும் திரும்பி வந்துவிடவில்லை. மேஜைமேல் இருந்த மாதாவிடம் அவருக்கு இன்னும் கோபம்தான். ஆனால் டீனாவின் பங்கு பாதியில் நின்றிருந்தது.

"சும்மா இரும்மா" என்றார் அவளிடம். "நான் சொல்றேன்."

பிறகு, சுருதி சேராத அந்தப் பழைய குரலில், வாசலில் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார்: "எங்க மகன் ரயானுக்காக. அருள் நிறைந்த மரியே..."